கொசுறாக வந்த பிரெஞ்சு

அன்பும், இப்போதைக்குச் சற்றுக் கோபமும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது.

முப்பது குரோஸ், அதாவது நாலாயிரத்து முந்நூற்று இருபது பொத்தான் வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன், பதினான்கு நாளாக இந்த அந்நியத் தலைநகரத்தில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்துக்கொண்டிருக்கிறேன். நடந்தது இதுதான். இனி முறைப்படி நலம் விசாரிக்கிறேன். இங்கு நானும் என் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறோம். அங்கு நீயும், உன் அக்காவும், பிள்ளைகளும், கடையும், தினமும் நம் கடை வாசலை மறித்து வண்டி நிறுத்துகிற அந்த எதிர்க்கடைக்காரரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கமாட்டாய், ஏனென்றால் என் போனை நீ எடுப்பதே இல்லை. உன் அக்கா எடுத்தால், “அவன்கிட்ட நீங்களே பேசிக்கங்க” என்று வைத்துவிடுகிறாள். சரி, கடிதம் என்றால் ஒரு வசதி இருக்கிறது, பாதியில் யாரும் எழுந்து போய்க் கடைச் சாவியை மேஜைமேல் வைக்க முடியாது. நான் புறப்பட்ட அன்று, கடையில் நாலு பேர் நிற்கும்போது, “உனக்குப் பொத்தானும் தெரியலை, வியாபாரமும் தெரியலை” என்று உன்னைச் சொன்னது உண்மை. மறுக்கவில்லை. நீ ஒற்றை மாதிரிப் பொத்தானைக் கோட்டுக்காரரிடம் காட்டி, அது எங்கே கிடைக்கும், கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், முப்பது குரோஸுக்கு ஆர்டர் பிடித்ததும் உண்மை. ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, “இந்தப் பொத்தான் அழகா இருந்துச்சு அத்தான்” என்றாய். “பொத்தான்ல என்னடா அழகு, அது என்ன மூக்குத்தியா?” என்று நான் கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள், நீ சாவியை வைத்துவிட்டு, “இந்த ஆர்டரோட நான் விலகிக்கிறேன்” என்றாய். அதைப் பிறகு பேசுவோம். கோட்டுக்காரர் எண்ணூற்று அறுபத்து நான்கு கோட்டைத் தைத்து, கோட்டுக்கு ஐந்து காஜாவையும் அந்தப் பொத்தான் அளவுக்கே வெட்டி வைத்துவிட்டார். அதைவிடச் சின்னப் பொத்தான் போட்டால் நழுவும், பெரியது போட்டால் நுழையாது. இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் அத்தனை கோட்டும் வாயைப் பிளந்துகொண்டு தொங்கும், அதோடு நம் கடைப் பெயரும் தொங்கும். அந்தப் பொத்தானைச் செய்த ஆலை மூடிப் பல வருஷம் ஆகிறது. உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த ஊரில் ஒரு பெரியவர் கடையில் மட்டும்தான். விசாரித்துக் கண்டுபிடித்தது நான். அதையும் குறித்துக்கொள்.

வந்து இறங்கினேனா, ஒரு சலவைக் கடைக்கு மேலே அறை எடுத்தேன். கட்டில், ஜன்னல், ஒரு கொக்கி, அவ்வளவுதான் அறை. கீழே நாள் முழுக்க இஸ்திரி ஆவி வருவதால் குளிர் இல்லை. பெட்டியை வைத்த கையோடு பெரியவர் கடைக்குப் போனேன். மாப்பிள்ளை, அந்தக் கடையை நீ பார்க்க வேண்டும். அகலம் நம் கடையில் பாதிகூட இல்லை. இரண்டு பக்கச் சுவரும் தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறை. ஒவ்வொரு இழுப்பறை முகத்திலும் உள்ளே என்ன பொத்தானோ அதில் ஒன்றை நூலால் தைத்து வைத்திருக்கிறார். எழுத்தே கிடையாது. ஏணியில் ஏறி நின்றால் ஆயிரம் கண் நம்மைப் பார்ப்பது மாதிரி இருக்கும். நம்முடைய பொத்தான் இடது பக்கம் மூன்றாவது வரிசையில் இருப்பதை உள்ளே நுழைந்த அரை நிமிஷத்தில் பார்த்துவிட்டேன். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. முப்பது வருஷத் தொழில் ஆயிற்றே! வேண்டிய சரக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேண்டாத சரக்கில் கையை விட்டு அளைந்து, உதட்டைப் பிதுக்கி, “இதெல்லாம் இப்போ யாரு வாங்கறாங்க? என்ன விலை சொல்றீங்க?” என்று அசட்டையாகக் கேட்டேன். இதைவிடச் சுத்தமாக நானே இதற்குமுன் செய்ததில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார், மேஜையைச் சுற்றி வந்தார், வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். காற்று வரட்டும் என்று திறக்கிறார் என்று நினைத்தேன். நான் போவதற்காகத் திறந்தார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை, நேரே கதவு.

அன்று திரும்பி வந்து சலவைக்காரரிடம் புலம்பினேன். (இங்கே அவரவர் அவரவர் பாஷையிலும், என்னோடு கடைத்தெரு இங்கிலீஷிலும்தான் பேசுகிறார்கள். உனக்காக எல்லாரையும் நம் பேச்சில் பேச வைக்கிறேன்.) அவர் ஒரு சட்டைக் காலரை அழுத்திக்கொண்டே கேட்டார்.

“உள்ள போனதும் என்ன சொன்னீங்க?”

“என்ன விலைன்னு கேட்டேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி என்ன இருக்கு?”

“வணக்கம், நல்லா இருக்கீங்களா, அப்படின்னு ஒரு வார்த்தை?”

“அவர் நல்லா இருந்தா எனக்கென்னங்க? பொத்தான் நல்லா இருந்தாப் போதாதா?”

சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அதான் கதவைக் காட்டியிருக்காரு. அவர் கடையில எல்லாம் பிரெஞ்சு முறை. உள்ள நுழைஞ்சதும் ஆளைப் பார்த்து பொன்ஜூர் சொல்லணும். சொல்லிட்டு நிக்கணும். அவர் பதிலுக்குச் சொன்ன பிறகுதான் சரக்குப் பேச்சு. அதையும் பிரெஞ்சுலதான் பேசுவாரு. வேற பாஷைல கேட்டா காது கேக்காது. பின்தெருவுல பிரெஞ்சு வீடுன்னு ஒண்ணு இருக்கு, போய் நாலு வார்த்தை கத்துக்கிட்டு வாங்க. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க” என்று ஒரு துண்டுச் சீட்டில் என் அறை எண்ணை எழுதிக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

பிரெஞ்சு வீடு என்பது பிரெஞ்சுப் படம், பாட்டு, புத்தகம், பாஷை எல்லாவற்றையும் அயலூரில் வைத்துப் பரப்புகிற நிலையம். மூன்று மாடி. வாசலில் சீட்டைக் கொடுத்ததும் மேனேஜர் அம்மாவே வந்துவிட்டார். எனக்கு ஒரே ஒரு வணக்கம் வேண்டும், அதன் பிறகு பொத்தான் கேட்க இரண்டு வாக்கியம் வேண்டும் என்றேன். “நாங்க சில்லறை வியாபாரம் பண்றதில்லீங்க, பத்து நாள் வகுப்பு மொத்தமா எடுத்துக்கணும்” என்று ஒரு தொகை சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த வகுப்பு வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வரத்தான் வாயைத் திறந்தேன். வாய் என்னைக் கேட்காமல், “பாதி” என்று சொல்லிவிட்டது. வழக்கதோஷம். அந்த அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். முறைத்திருந்தால் பிழைத்திருப்பேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காபி வரவழைத்து, “முக்காலுக்குக் கீழ இறங்க முடியாது” என்றார். அவ்வளவுதான், ரத்தம் சூடாகிவிட்டது. நாற்பது நிமிஷம். அவர் வாடகையைச் சொன்னார், நான் வயதைச் சொன்னேன். அவர் புத்தகத்தின் விலையைச் சொன்னார், எனக்குப் புத்தகம் வேண்டாம், பக்கத்து ஆளுடையதை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கடைசியில் பாதிக்கே படிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது, வேண்டாத சரக்கைப் பாதி விலைக்கு வாங்கியிருக்கிறேன். ஆனால் விலை சொல்லி, எதிராளி சரி என்ற பிறகு பின்வாங்கினால் அவன் வியாபாரியா? பணத்தைக் கட்டினேன். கட்டியவன் சும்மா வந்தேனா? வாசற்படியில் திரும்பி, “கொசுறு?” என்றேன். அது என்ன என்று கேட்டார். வாங்கின சரக்குக்குமேலே ஒரு கைப்பிடி சும்மா போடுவது என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நீளமான அச்சிட்ட தாளை எடுத்தார். “மூணு நாள் படம், ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் புத்தகம் வாசிக்கறது, ஒரு நாள் சீஸ் விருந்து, படத்தைப் பத்தி ஒரு விவாதம். எல்லாம் கொசுறு. ஆனா ஒரு நிபந்தனை. எங்க ஊரு முறையில கொசுறைத் திருப்பிக் குடுக்கக் கூடாது. ஒண்ணுக்கு வராம இருந்தாலும் முழு ஃபீஸ்.” இப்படித்தான் மாப்பிள்ளை, பொத்தான் வாங்க வந்தவன் தலையில் ஒரு தேசத்தின் கலாச்சாரமே கொசுறாக விழுந்தது.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது என்பது உனக்குத் தெரியும். கல்யாண மேடையிலேயே இரண்டு தடவை எழுந்துபோய்ப் பந்தல்காரனோடு பேசிவிட்டு வந்தவன் நான். உன் அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். அப்படிப்பட்டவனை நாளைக்கு நான்கு மணி நேரம் பெஞ்சியில் உட்கார வைத்தால்? முதல் நாள் காலை ஆட்டி ஆட்டி முன் வரிசை நாற்காலியையே நகர்த்திவிட்டேன். வாத்தியார் உன் வயதுப் பையன், பொறுமைசாலி. கோபித்துக்கொள்ளாமல், பலகையைத் துடைக்கும் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார். நடந்துகொண்டே படித்தேன். மூன்றாம் நாள் அவருடைய சாக்பீஸ் பெட்டியை நிறவாரியாகவும் நீளவாரியாகவும் பிரித்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் நாற்காலிகளை வேறு மாதிரி போட்டால் இன்னும் எட்டு பேருக்கு இடம் வரும் என்று படம் போட்டுக் காட்டினேன். “உங்களால கொஞ்சம் சும்மா இருக்கவே முடியாதாய்யா?” என்றார். சும்மா இருப்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். சொன்னார். அதை இன்னும் மனப்பாடம் செய்யவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான்தான் வகுப்பில் முதல். எண்ணிக்கை. இவர்கள் எண்பது என்று சொல்லமாட்டார்கள், நான்கு இருபது என்பார்கள். தொண்ணூறுக்கு நான்கு இருபது பத்து. தொண்ணூற்றொன்பதுக்கு நான்கு இருபது பத்தொன்பது. மற்றவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கோ, பன்னிரண்டு பன்னிரண்டு ஒரு குரோஸ் என்று எண்ணி எண்ணியே வளர்ந்தவனுக்கு, இது வீட்டுக்கு வந்தது போல இருந்தது. இது வியாபாரிகள் கட்டிவைத்த எண்ணிக்கை, சந்தேகமே இல்லை, எதிராளி மனதுக்குள் கூட்டிக்கொண்டிருக்கும்போதே பேரத்தை முடித்துவிடலாம் என்று வாத்தியாரிடம் சொன்னேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

படத்துக்கு வருகிறேன். மூன்று நாளும் ஒரே படம். ஒரு மனிதர் ஜன்னலோரமாக நின்று தெருவைப் பார்க்கிறார். மழை பெய்கிறது. யாரும் வரவில்லை. காபி போடுகிறார், குடிக்கவில்லை. முதல் இருபது நிமிஷத்தில் நான் நான்கு தடவை எழுந்தேன். இடம் காட்டுகிற பெண் என்னை மாற்றி ஓர இருக்கையில் உட்கார வைத்தாள். ஐந்தாம் தடவை எழப்போகும்போதுதான் அதைப் பார்த்தேன். அவர் கோட்டில் மேலிருந்து இரண்டாவது பொத்தான், ஒற்றை நூலில் தொங்குகிறது! மாப்பிள்ளை, அதற்கப்புறம் நான் அசையவில்லை. இப்போது விழும், அப்போது விழும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் படியிறங்குகிறார், ரயிலில் ஏறுகிறார், ஒரு பெண்ணைக் கட்டிப்பிடிக்கிறார், ஐயோ பொத்தான் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. படம் முடிகிறவரை அது விழவும் இல்லை, யாரும் அதைத் தைக்கவும் இல்லை. ஒரு ஊசி, ஒரு முழம் நூல், இரண்டு நிமிஷ வேலை! அறைக்குத் திரும்பி வந்தும் மனசு ஆறவில்லை. மறுநாள் யாரும் சொல்லாமலே முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாளும். ஒரு படத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அதையும் மூன்று தடவை. உன் அக்காவிடம் சொல்லாதே, அவளோடு போனால் நான் இடைவேளையிலேயே கணக்குப் பார்க்க ஓடிவிடுவேன் என்பது அவளுடைய முப்பது வருஷத்துப் புகார்.

படத்துக்குப் பிறகு விவாதம். நம் கடைத்தெருவில் சண்டை போட்டால் கடைசியில் யாராவது ஒருத்தர் எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோவார். இவர்கள் சண்டை போடுவது வெறும் சண்டைக்காகவே. யார் கையிலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை, எல்லார் முகத்திலும் லாபம் வந்த களை. ஒருத்தர் அந்த ஜன்னல் தனிமை என்றார். இன்னொருத்தர் மழைதான் தனிமை, ஜன்னல் நம்பிக்கை என்றார். நான் கையைத் தூக்கினேன். வாத்தியார் என் பேச்சைப் பிரெஞ்சாக்கிச் சொன்னார். “படத்தோட முன்பாதியில அந்தப் பொத்தானுக்கு நாலு ஓட்டை. கடைசியில ரயில்ல பார்க்கறப்போ ரெண்டு ஓட்டை. நடுவுல எவனோ மாத்தியிருக்கான். இதை யாருமே கவனிக்கலையா?” அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் பிரெஞ்சில் கணீரென்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் நம் பொத்தான் பெரியவர்! வாத்தியார் எனக்குச் சொன்னார். “அது வேற கோட்டு. அவ விட்டுட்டுப் போன பிறகு அந்தப் பழைய கோட்டை அவரால போட முடியலை. அதனாலதான் பொத்தான் வேற. பொத்தான் தெரிஞ்சவனுக்கு இது தெரியணும்.” விடுவேனா? “கோட்டு ஒண்ணுதாங்க. இடது பை ஓரத்துல ஒட்டுப்போட்ட தையல், ரெண்டு இடத்துலயும் அப்படியே இருக்கு” என்றேன். பிடித்துக்கொண்டது. பாதிக் கூடம் ஒரு கோட்டுக் கட்சி, பாதிக் கூடம் இரண்டு கோட்டுக் கட்சி. ஒரு பெண்மணி தன் கணவரை விட்டுவிட்டு எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம். மேனேஜர் அம்மா விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுத்தான் எங்களை வெளியே அனுப்பினார். வாசலில் பெரியவர் என்னைக் கடந்து போனார். ஆனால் கதவைக் காட்டுகிற அந்தப் பார்வை இல்லை. தலையை ஒரு அசைப்பு அசைத்தார்.

சீஸ் விருந்தைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். ஏழு நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துவிட்டு நிமிர்ந்தேன், மற்றவர்கள் இன்னும் முதல் துண்டின் வாசனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் ஆனது. நான் மேஜைகளைச் சுற்றி வந்து, எல்லாருடைய சட்டையிலும் என்ன பொத்தான் என்று எண்ணினேன். பாட்டு நன்றாக இருந்தது. பாடிய அம்மாவும் உட்காரவில்லை.

வகுப்பின் பத்தாம் நாள், அதாவது நேற்றுக் காலை, முகச்சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு பெரியவர் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்தேன். எதையும் தொடவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, “பொன்ஜூர்” என்று சொல்லிவிட்டு நின்றேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் எழுந்து நின்று பதில் சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். முழங்கால் வலி என்றார். எனக்குச் சர்க்கரை என்றேன். பாடத்தில் இருந்ததெல்லாம் உதவியது. பிறகு மூன்றாவது வரிசையைக் காட்டி, தயவுசெய்து என்றேன். இழுப்பறையைக் கொண்டுவந்து பச்சைத் துணியின்மேல் வைத்தார். ஒரு பொத்தானை எடுத்து என் உள்ளங்கையில் போட்டார்.

இங்கேதான் எனக்கு வியர்த்தது. இப்போது சரக்கை மட்டம் தட்ட வேண்டும் இல்லையா? வாயைத் திறந்தால் பிரெஞ்சில் ஒரு வசை வார்த்தைகூட இல்லை! ஒன்பது பாடத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். “இது அழகாக இருக்கிறது.” “எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.” “இது எனக்கு வேண்டும்.” “உங்கள் கடை அருமையானது.” விலை ஏறுகிற வாக்கியங்களாகவே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார் அந்தப் பாவி வாத்தியார். குறை சொல்வது, சலித்துக்கொள்வது எல்லாம் இரண்டாம் நிலை வகுப்பில்தானாம். அவர் காத்திருக்கிறார். நான் பொத்தானைத் திருப்பினேன். கரும்பழுப்பு. ஓரத்தில் மெல்லிய வரம்பு. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தேன் நிறத்தில் ஒரு ரேகை ஓடுகிறது. ஒன்றில் இருக்கிற ரேகை இன்னொன்றில் இல்லை. வேறு வாக்கியம் இல்லாததால், “இது அழகாக இருக்கிறது” என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால், அது உண்மை. முப்பது வருஷமாகப் பொத்தானைக் குரோஸ் குரோஸாக அளந்து போடுகிறேன், ஒன்றையும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது. நீ பார்த்திருக்கிறாய்.

பெரியவர் விலை சொன்னார். குரோஸுக்கு நான்கு இருபது பதினைந்து. தொண்ணூற்றைந்து. பேச வார்த்தை இல்லாமல் நின்றேன். நின்றவன், தந்திரமாகத்தான், “படம். கோட்டு. இரண்டு. நீங்கள் சரி” என்று உடைத்து உடைத்துச் சொன்னேன். விட்டுக்கொடுத்தால் இறங்குவார் என்று கணக்கு. அவர் கையை ஆட்டினார். முந்தின நாள் படத்தை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாராம். பையில் ஒட்டுத்தையல் இருக்கிறதாம். “கோட்டு ஒன்று. நீங்கள் சரி” என்றார். இல்லை, நீங்கள் சரி என்றேன். இல்லை, நீங்கள் என்றார். பொத்தானைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. இப்படி ஒருவரை ஒருவர் சரி சரி என்று தள்ளிக்கொண்டே போனதில், அவர் தானாக, “நான்கு இருபது பத்து” என்று கை நீட்டினார். தொண்ணூறுக்கு முடிந்தது. பேரம் பேசாமல் நான் வாங்கிய முதல் சரக்கு.

ஆகையால் கோட்டுக்காரரிடம் பொத்தான் வருகிறது என்று சொல்லிவிடு. இந்த உறையில் ஒன்று வைத்திருக்கிறேன், காஜாவில் நுழைத்துப் பார்த்துக்கொள். நான் இரண்டு நாளில் புறப்படுகிறேன். பிரெஞ்சோடு என் கணக்கு தீர்ந்தது. பாஷை, படம், சீஸ், எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு. இனி அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டேன். நீ விலகுவதானால் நான் தடுக்கப்போவதில்லை. வயது வந்தவன், உன் இஷ்டம். சாவி உன் அக்காவிடம் இருக்கட்டும். அவளுக்கு என் விசாரிப்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லு. வயதில் பெரியவன் என்ற முறையில், நீ எங்கே போனாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கடைசிப் பத்தியை முழுவதும், மற்றதில் பாதியையும் அடித்துவிடவும். உறையை ஒட்டி, கூரியர்க் கடை எங்கே என்று கேட்கக் கீழே சலவைக் கடைக்கு இறங்கினேன். மூலையில் மலைபோல மேஜைத்துணியும் திரைச்சீலையும் கிடந்தன. எல்லாவற்றிலும் பிரெஞ்சு வீட்டு அடையாளம். அதன் பக்கத்தில் மேனேஜர் அம்மா ஒரு முக்காலியில். இன்னொரு முக்காலியில் நம் பொத்தான் பெரியவர், காபி குடித்துக்கொண்டு, என்னைவிட நூறு பங்கு நல்ல இங்கிலீஷில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்! “அப்போ உங்களுக்கு இங்கிலீஷ் எல்லாம் தெரியுமா?” என்றேன். “நீங்க பொன்ஜூர் சொல்லலையே” என்றார். அவர் பிரெஞ்சுக்காரரே இல்லை, மாப்பிள்ளை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நூல் விற்க இந்த ஊருக்கு வந்தவர். அந்தக் கடையின் பழைய முதலாளி இவரையும் மூன்று நாள் வெளியே அனுப்பியிருக்கிறார். இவரும் அதே பிரெஞ்சு வீட்டில் போய்ப் படித்து, ஊருக்குத் திரும்பாமல், கடைசியில் அந்தக் கடையையே வாங்கிவிட்டார். “உங்களுக்காவது பாதி ஃபீஸ். நான் முழுசும் கட்டினேன். கொசுறுன்னு ஒண்ணு கேக்கலாம்னு எனக்கு யாருமே சொல்லலை” என்று மேனேஜர் அம்மாவை முறைத்தார். சலவைக்காரர் ஆள் அனுப்பினால் அவருக்குத் துணி வெளுக்கும் வேலை. பெரியவர் ஆளை வெளியே தள்ளினால் அவருக்கு வருஷம் முழுக்கப் படத்துக்கு இலவச இருக்கை. என்னை வைத்து மூன்று பேர் வியாபாரம் செய்திருக்கிறார்கள், எனக்குத் தரகு என்று காலணா இல்லை! கோபம் வந்தது. கத்தலாம் என்று பார்த்தால், சண்டை போடுவதானால் பிரெஞ்சில்தான் என்றார் அந்த அம்மா. சரி என்று முக்காலியை இழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த வாக்கியங்களை வரிசையாக எடுத்தேன். உங்கள் ஏற்பாடு அழகாக இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நீங்கள் அருமையானவர்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, சிரித்துக்கொண்டே, திரும்பத் திரும்ப, ஒன்றரை மணி நேரம், அசையாமல் உட்கார்ந்தபடி சொன்னேன். மூவரும் கூச்சத்தில் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள், விலையும் தானாக இறங்க ஆரம்பித்தது. நடுவில் பெரியவர் கேட்டார், “இந்தப் பொத்தானைத் தேடி வந்தது நீங்கதான். ஆனா இதை முதல்ல பார்த்துப் பொறுக்கினது யாரு? பழைய முதலாளி காலத்துலேர்ந்து இழுப்பறையில கிடக்குது, ஒருத்தன் கேட்டதில்லை.” உண்மையைச் சொன்னேன். கடையில் நாலு பேர் முன்னால் நான் சொன்னதையும் சொன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார், மடித்தார், கதவைப் பார்த்தார். அதன் பிறகுதான் கடைசி நிபந்தனைகள் எழுதப்பட்டன, நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாவியை உன் அக்காவிடமிருந்து வாங்கிக்கொள். கடையில் அந்த நாலு பேரும் இருக்கும்போது இந்தப் பின்குறிப்பைச் சத்தமாகப் படி.

படிந்த விவரம்: குரோஸுக்கு நான்கு இருபது, அதாவது எண்பது, அதற்குமேல் ஒன்றும் இல்லை, முப்பது குரோஸோடு ஒரு குரோஸ் கொசுறு, இருபத்து நான்காம் தேதிக்குள் நம் வாசலில் இறக்குவது பெரியவர் பொறுப்பு, இனிமேல் அந்தக் கடைக்குச் சரக்கெடுக்க நான் போகக் கூடாது, நீதான் போக வேண்டும், நுழைந்ததும் பொன்ஜூர், எனக்கு இரண்டாம் நிலை வகுப்பு, ஃபீஸ் பாதி, உன் பெயருக்கு முதல் நிலையில் ஓர் இடம், கொசுறாக. கொசுறைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.